படகுக்காரியின் கால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓவியர் ஜார்ஜ் சின்னரி சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் படகுவாசிகளை வரைந்த கோட்டோவியங்களைப் பார்த்தேன். கடனுக்குப் பயந்து ஓடிய ஆங்கிலேயர் அவர். ஏழைகளை வேடிக்கைதானே பார்த்திருப்பார்? இவற்றை ரசிப்பது தவறில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஒரு வாரமாக நானும் அதே படங்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே பதில்.

கடன் சங்கதி உண்மை. 1802ல் சென்னைக்கு வந்தார், கல்கத்தாவில் பெயர் வாங்கினார், கடன் கழுத்தை நெரிக்கவும் 1825ல் மக்காவுக்குப் போய்விட்டார். 1852ல் சாகும்வரை அங்கேதான். இருக்கட்டும். கடன்காரன் கை போட்டால் கோடு கோணலாகவா போகும்?

எனக்குக் கோபம் வேறு. உங்கள் கடிதம் நாலு பக்கம், நான்தான் சுருக்கியிருக்கிறேன். அதில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. படத்தைப் பற்றி யாரோ எழுதியதைப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பாய்க்கூரை போட்ட அந்தச் சின்னப் படகைப் பார்த்தீர்களா? தலையில் துணி கட்டிய தாங்கா பெண்ணின், அதாவது படகிலேயே வாழ்ந்த அந்தச் சமூகத்துப் பெண்ணின், காலைப் பார்த்தீர்களா? கரையில் பெண்களுக்குக் கால் கட்டிச் சிறிதாக்கிய காலம் அது. இவள் கட்டவில்லை. கட்டினால் ஆடுகிற படகில் எப்படி நின்று துடுப்புப் போடுவது? கரைக்காரர்கள் இவர்களைத் தாழ்வாகவே நடத்தினார்கள். கரையில் குடியேறலாம் என்று 1729ல் சீனப் பேரரசர் யொங்செங் ஆணையிட்ட பிறகும் அந்த இளக்காரம் போகவில்லை. சின்னரி குந்தியிருக்கிற ஆளை ஒரே தாளில் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறார். ஓரத்தில் குர்னி என்ற ஆங்கிலச் சுருக்கெழுத்து முறையில் தனக்கே குறிப்பு எழுதிக்கொள்கிறார். வேடிக்கை பார்க்கிறவனுக்கு இவ்வளவு மெனக்கெடல் எதற்கு?

கல்லூரி நாட்களில் எனக்கும் படம் போடும் கிறுக்கு இருந்தது. ஒருநாள் காசிமேட்டில் மீன் வெட்டும் அம்மா ஒருவரை ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன். முகச் சுருக்கம், சோகமான கண், எல்லாம் பிரமாதமாக வந்துவிட்டதாக எனக்கு நினைப்பு. எழுந்துபோகும்போது நோட்டைக் கேட்டு வாங்கினார். ஈரக்கை படாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"அருவாமணை எங்க தம்பி?" என்றார்.

நான் போடவே இல்லை.