பட்டனை அழுத்தும்வரை படம் காத்திருக்கட்டும்: கேள்வி பதில்

ஆர், பைதன் ஆகிய நிரல் மொழிகளைப் பழகும் யாழ்ப்பாணப் பிள்ளைகள் கேட்டவையும் என் பதில்களும். இங்கே வரும் ஷைனி ஆருக்கும், ஸ்ட்ரீம்லிட், டாஷ் பைதனுக்கும் உரியவை; பட்டன், பட்டியல், படம் கொண்ட வலைப்பக்கம் செய்யும் கருவிகள்.

கோண்டாவிலில் இருந்து ஒரு மாணவி: அண்ணா, கிணற்று நீரில் உள்ள நைத்திரேற்று அளவை ஷைனியில் வரைபடமாகக் காட்டுகிறேன். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பகுதியைத் தெரிவு செய்த உடனேயே படம் மாறிவிடுகிறது. "காட்டு" பட்டனை அழுத்தினால் மட்டும் மாற என்ன செய்ய வேண்டும்?

தங்கச்சி, நீங்கள் படத்தைக் கீறும் ரெண்டர் பிளொட்டுக்குள் (renderPlot) பட்டியலின் பெறுமதியை நேரே வாசிக்கிறீர்கள். ஒரு படம் எந்தெந்த இன்புட்டை (பார்ப்பவர் பக்கத்தில் மாற்றும் பெறுமதியை) வாசிக்கிறது என்பதை ஷைனி கவனித்து வைத்திருக்கும். அதில் ஒன்று மாறினாலும் படத்தைத் திரும்பக் கீறும். பக்கத்தில் ஒரு பட்டன் வைத்ததால் அந்தத் தொடர்பு அறாது.

தரவை வடிகட்டும் வரிகளை, பட்டனுக்காகக் காத்திருந்து கணக்கிடும் ஈவென்ட் ரியாக்டிவுக்குள் (eventReactive) கொண்டுபோங்கள். முதலில் பட்டன், அடுத்து அந்த வரிகள். உள்ளே எந்த இன்புட்டை வாசித்தாலும் பட்டன் மட்டுமே அதை இயக்கும். ரெண்டர் பிளொட் அதன் விடையை மட்டும் வாசிக்கட்டும்.

பலர் சறுக்குவது தலைப்பில்தான். தரவைச் சரியாகப் பிரித்துவிட்டு, படத்தின் தலைப்புக்கு மட்டும் பகுதியின் பெயரை இன்புட்டில் இருந்து எடுப்பார்கள். அப்போது பட்டியலை மாற்றியதும், பட்டனைத் தொடாமலே, வலிகாமத்துப் புள்ளிகளுக்கு மேலே "தீவகம்" என்று வந்து நிற்கும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. குடிக்கிற தண்ணீரைப் பற்றிய படத்தில் இது பெரிய ஆபத்து. பெயரையும் ஈவென்ட் ரியாக்டிவுக்குள் தரவோடு சேர்த்து வைத்து, அங்கிருந்தே எடுங்கள்.

இன்னொன்று: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்கு ஒரு கோடு கீறுங்கள். உங்கள் தரவு நைத்திரேற்று நைதரசனாக (நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் எடை மட்டும்) இருந்தால் அதே எல்லை ஏறக்குறைய 11 தான். முதலில் அலகைப் பாருங்கள்.

அவரே: செய்தேன், வருகிறது. ஆனால் பக்கம் திறக்கும்போது படம் வெறுமையாக இருக்கிறதே?

பட்டனின் பெறுமதி 0 இல் தொடங்கி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒன்று கூடும். 0 என்றால் இன்னும் அழுத்தவில்லை என்று ஈவென்ட் ரியாக்டிவ் பேசாமல் இருக்கும். ஈவென்ட் ரியாக்டிவில் இக்னோர் நல் (ignoreNULL) என்பதற்கு ஃபோல்ஸ் (FALSE) கொடுங்கள், முதல் படம் தானாக வரும்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு தம்பி: மழைத் தரவுக்கு "மாரி", "கோடை" என்று இரண்டு பட்டன். கடைசியாக அழுத்தியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை.

சரிவராது தம்பி. மாரி 3, கோடை 2 என்றால் கடைசியாக எது என்று அந்த எண்கள் சொல்லா. ஒரு பெறுமதியை நினைவில் வைத்திருக்கும் ரியாக்டிவ் வால் (reactiveVal) வைத்து, தொடக்கப் பெறுமதியாக "மாரி" கொடுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும், அதை அழுத்தும்போது ஓடும் ஒரு ஒப்சேர்வ் ஈவென்ட் (observeEvent) எழுதி, அதில் பருவத்தின் பெயரை மட்டும் மாற்றுங்கள். படம் அந்தப் பெயரைப் பார்த்துக் கீறும். நாளைக்கு மூன்றாவது பட்டன் வந்தாலும் படத்தின் வரிகளில் கை வைக்கத் தேவையில்லை.

பருத்தித்துறையில் இருந்து: ஸ்ட்ரீம்லிட்டில் பட்டனை அழுத்தப் படம் வருகிறது, அப்புறம் ஸ்லைடரை அசைத்தால் மறைந்துவிடுகிறது.

ஸ்ட்ரீம்லிட் ஒவ்வொரு அசைவுக்கும் முழு நிரலையும் மேலிருந்து திரும்ப ஓட்டும். பட்டன் "ஆம்" என்று சொல்வது அழுத்திய அந்த ஒரு ஓட்டத்தில் மட்டும்தான். அதனால் அழுத்தியதை, ஓட்டங்களுக்கு இடையே அழியாத செஷன் ஸ்டேட்டில் (session_state) குறித்து வைத்து, அதைப் பார்த்துப் படத்தைக் காட்டுங்கள். ஸ்லைடரும் பட்டனுக்காகக் காத்திருக்க வேண்டுமென்றால் அதை ஒரு ஃபோர்முக்குள் (form) போட்டு, சாதாரண பட்டனுக்குப் பதிலாக ஃபோர்முக்குரிய சப்மிட் பட்டனை (form_submit_button) அதற்குள் வையுங்கள்.

அதே ஊரில் இருந்து இன்னொருவர்: டாஷில்?

படத்தைக் கீறும் கோல்பேக்கில் (callback, மாற்றம் வந்தால் டாஷ் ஓட்டும் செயற்பாடு) பட்டனை இன்புட்டாகவும் (Input), பட்டியலை ஸ்டேட்டாகவும் (State) கொடுங்கள். ஸ்டேட் மாறினாலும் கோல்பேக் ஓடாது, பட்டனை அழுத்தும்போது அதன் அப்போதைய பெறுமதி வந்து சேரும்.