தம்பி டர்பன் வருகிறான், பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: திருமணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. திருச்சியிலிருந்து என் தம்பி டிசம்பரில் பத்து நாள் வருகிறான். ஊரில் ஓர் ஏஜென்ட் விசா, க்ரூகர் சரணாலயம், சானி பாஸ் மலைப்பாதை எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகத் தருகிறேன், முழுப் பணமும் முன்கூட்டியே கட்டுங்கள் என்கிறார். வாங்கலாமா? இங்கே அப்போது கோடை, அவனை எங்கெல்லாம் கூட்டிப்போவது?

பதில்: வாங்காதீர்கள். இந்த ஊரில் பல வருடமாக டிக்கெட், சுற்றுலா வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதில் மூன்று இடத்தில் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது.

முதலில் விசா. அதைத் தருவதா வேண்டாமா என்பது அதிகாரி கையில். "கண்டிப்பாக வாங்கித் தருவேன்" என்கிற ஏஜென்ட் உங்கள் பணத்தைத்தான் கண்டிப்பாக வாங்குவார். விசா கைக்கு வரும்வரை எதற்கும் முழுப் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் எழுதும் அழைப்புக் கடிதம், நீங்கள் இங்கே தங்குவதற்கான பர்மிட் நகல், தங்கப்போகும் முகவரி, தம்பியின் வங்கிக் கணக்கு விவரம், இவைதான் முக்கியம். இதை யாரும் காசு வாங்கிக்கொண்டு நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் சீக்கிரம் போடுங்கள். டிசம்பர் வந்துவிட்டால் இங்கே பாதி நாடு லீவில் போய்விடும். போனை எடுக்கக்கூட ஆள் இருக்காது, எடுத்தாலும் "ஜனவரியில் கூப்பிடுங்கள்" என்பார்கள். இந்த நாட்டில் நானும் எத்தனையோ வரிசையில் நின்றுவிட்டேன், இன்னும் பழகவில்லை.

இரண்டாவது க்ரூகர். டர்பனிலிருந்து காரில் போனால் கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க ஓட்டம். பத்து நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள் ஓட்டத்திலேயே போய்விடும். அதோடு கோடை மழைக்காலம் அங்கே மலேரியா சமயம், மாத்திரை வேறு பார்க்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் ஷ்லுஷ்லூவே-இம்ஃபோலோசி சரணாலயம் இருக்கிறது. 1895-இல் அமைத்த காடு, அழியவிருந்த வெள்ளைக் காண்டாமிருகத்தைக் காப்பாற்றிய இடம். யானை, சிங்கம், சிறுத்தை, எருமை எல்லாம் உண்டு. டிசம்பரில் புல் ஆளுயரம் வளர்ந்திருக்கும், மிருகம் மறைந்துகொள்ளும். அதனால் விடிகாலை கேட் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சானி பாஸ். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மலை உச்சி லெசோத்தோ. அது வேறு நாடு. தென்னாப்பிரிக்கச் சோதனைச் சாவடி அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே முத்திரை குத்தினால் உங்கள் தம்பி நாட்டை விட்டு வெளியேறிவிட்டான் என்று அர்த்தம். மாலையில் இறங்கி வரும்போது மறுபடி நுழைய வேண்டும். அவன் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒருமுறைதான் என்று போட்டிருந்தால் அந்த ஒரு முறை விமான நிலையத்திலேயே செலவாகிவிட்டது. ஆகவே விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள், காரணமும் எழுதுங்கள். கேட்டும் கிடைக்காவிட்டால் மேலே போகும் ஆசையை விடுங்கள். லெசோத்தோவுக்குத் தனி விசா தேவையா என்பதையும் அவன் கிளம்புமுன் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

என்னிடம் வந்த ஒரு குடும்பம் இதில் மாட்டியது. டூர் நடத்தியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவடியில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவர் போகலாம், திரும்பி வருவது அவர் பாடு" என்றாராம். ஊரிலிருந்து வந்த தங்கையை அடிவாரத்து ஓட்டலில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போனார்கள். நாலு மணி நேரம் அந்தப் பெண் ஒரு டீயோடு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மலைதான் வேண்டுமென்றால் டிராகன்ஸ்பர்க்கின் நம் பக்கமே போதும். காலையில் நடந்துவிட்டு மத்தியானம் இடி இறங்குமுன் திரும்பிவிடுங்கள்.

சரி, ஊருக்குள் எங்கே? திருச்சி வெயிலைப் பார்த்தவன் இங்கே இருபத்தெட்டு டிகிரியைக் கேட்டுச் சிரிப்பான். சிரிக்கட்டும், தொப்பியை மட்டும் மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். புழுக்கமும் வெயிலும் சேர்ந்து தோலை உரித்துவிடும். கடலில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில்தான் இறங்க வேண்டும். சுறா வலை 1952-இலிருந்து இருக்கிறது, அந்தப் பயம் வேண்டாம். இழுப்பு நீரோட்டத்துக்குத்தான் பயப்பட வேண்டும். தண்ணீர் அசுத்தம் என்று சில கடற்கரைகளை மூடிவிடுவதுண்டு, அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டிசம்பர் 26, ஜனவரி 1 இரண்டு நாளும் கூட்டம் தாங்காது, பக்கமே போக வேண்டாம்.

விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மசாலாக் குவியல்களைப் பார்க்கட்டும். "மாமியாரை ஒழிக்கும் மசாலா" என்றே ஒன்று விற்கிறார்கள், அம்மாவுக்கு வாங்கிப்போக வேண்டாம். மத்தியானம் பீன்ஸ் பன்னி சவ் வாங்கிக்கொடுங்கள், ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது. கால் ரொட்டி போதும். மேலே மூடியாக வைத்த ரொட்டித் துண்டைக் குழம்பில் தோய்த்து முதலில் தின்ன வேண்டும், அப்புறம் சுவரைப் பிய்த்து உள்ளே போக வேண்டும். ஸ்பூன் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார்.

பெல்லேர் சாலை அம்பலவாணர் ஆலயத்துக்கு ஒரு காலைப்பொழுது கூட்டிப்போங்கள். பழைய கோயிலை 1905-இல் ஆற்று வெள்ளம் கொண்டுபோனது. மிஞ்சிய செதுக்குக் கதவுகளை இந்தக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். அங்கே பூ கட்டும் பாட்டியிடம் உங்கள் தம்பி "எந்த ஊர் நீங்க?" என்று கேட்பான். "டொங்காட்" என்று பக்கத்து ஊரைச் சொல்வார். 1860-இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்த கதையை அதற்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. அவன் ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்தால் அங்கேயே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, டர்பன் விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். அந்த இடைவெளியில் சீருடை மாதிரி ஒரு சட்டை போட்டுக்கொண்டு சிலர் வந்து தள்ளுவண்டியைப் பிடிப்பார்கள், "சார், டர்பனா?" என்பார்கள். இருபதடி தள்ளிவிட்டு ஐந்நூறு ராண்ட் கேட்பார்கள். வண்டியை விடாமல் "நோ, தேங்க்யூ" என்று சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள்.