உடைஞ்ச சாவிக்கும் மண்வெட்டிக்கும் ஆர் பொறுப்பு? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: நான் சுன்னாகத்தில ஒரு கராஜில வேலை செய்யிறன். டவுனில ஒரு ஹாட்வெயார் கடையில அரை இஞ்சி சொக்கெட் செட் ஒண்டு வாங்கினனான், பெட்டியில 'குறோம் வனேடியம், லைஃப்டைம் வாறண்டி' எண்டு பெரிசாப் போட்டிருக்கு. ரெண்டு மாசம் ஆகேல்லை, வானொண்டின்ர சில்லு நட் கழட்டேக்க 21 மில்லிமீற்றர் சொக்கெட் நெடுக வெடிச்சுப்போச்சு. கையாலதான் கழட்டினது, பிடியில பைப் போட்டு நெம்பேல்லை. கொண்டுபோய்க் காட்டினா, பில்லுக்குக் கீழ அடிச்சிருக்கிற 'விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது' எண்ட வரியக் காட்டிப்போட்டு, வாறண்டி வேணுமெண்டா கொம்பனிக்கு எழுதுங்கோ எண்டுறார். கொம்பனி எந்த நாட்டில எண்டே பெட்டியில இல்லை. என்ன செய்யிறது?

பதில்: தம்பி, கொம்பனிய நீங்கள் தேடிப் போகத் தேவையே இல்லை. நீங்கள் காசு குடுத்தது அந்தக் கடைக்கு, சாமான் தந்தது அந்தக் கடை, அப்ப பதில் சொல்ல வேண்டியதும் முதல்ல அந்தக் கடைதான். அவர் தனக்குச் சாமான் போட்ட ஏஜென்ரோட கதைச்சு மாத்திறதோ, தன்ர கையால குடுக்கிறதோ, அது அவற்ற பாடு.

இதுக்கு ரெண்டு சட்டம் இருக்கு, ரெண்டும் ரெண்டு விதமாக் கைகுடுக்கும். பழையது 1896ம் ஆண்டு 11ம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின்ர 1893 சட்டத்தப் பாத்து எழுதினது, இண்டைக்கும் நடைமுறையில இருக்கு. அதில என்ன சொல்லுதெண்டா, ஒரு சாமானை விக்கிறதத் தொழிலாச் செய்யிற ஆள் உங்களுக்கு அதை வித்தா, அது விக்கத்தக்க தரத்தில இருக்கவேணும் எண்டது ஒருத்தரும் வாய் திறந்து சொல்லாமலே அந்த வியாபாரத்துக்குள்ள இருக்கிற நிபந்தனை. வாறண்டி காட் இருந்தாலும் இல்லாட்டியும் அது இருக்கு. கையால நட் கழட்டேக்க வெடிக்கிற சொக்கெட்ட விக்கத்தக்க சொக்கெட் எண்டு ஆர் சொல்லுவினம்?

ரெண்டாவது 2003ம் ஆண்டு 9ம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அதின்ர 13ம் பிரிவு, உற்பத்தி செய்தவரோ வித்தவரோ குடுத்த வாறண்டிக்கு, நேரடியாக் குடுத்ததெண்டாலும் சரி மறைமுகமா விளங்கிக்கொள்ளுறதெண்டாலும் சரி, சாமான் ஒத்துவராட்டி அதிகார சபைக்கு முறைப்பாடு குடுக்கலாம் எண்டுது. விசாரிச்சு உங்கட பக்கம் சரியெண்டு கண்டா, நட்டஈடு குடு, இல்லாட்டிச் சாமானை மாத்திக் குடு, இல்லாட்டிக் காசைத் திருப்பிக் குடு எண்டு கட்டளை போடுற அதிகாரம் அவையளுக்கு இருக்கு. அப்ப உங்கட பெட்டியில அடிச்சிருக்கிற அந்த 'லைஃப்டைம் வாறண்டி' எண்ட வரி சும்மா அலங்காரம் இல்லை, அது எழுத்தில குடுத்த வாக்கு. பெட்டிய எறிஞ்சுபோடாதேங்கோ, இண்டைக்கே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கோ.

இனி முக்கியமான இடத்துக்கு வாறன், தயவுசெய்து இதைக் கவனமா வாசியுங்கோ. அதிகார சபைக்குக் குடுக்கிற முறைப்பாடு எழுத்தில இருக்கவேணும், வாங்கி 3 மாசத்துக்குள்ள குடுக்கவேணும். உங்களுக்கு ரெண்டு மாசம் முடியப்போகுது. கடைக்காரர் 'ஏஜென்ற் அடுத்த கிழமை வருவார், பேந்து வாங்கோ' எண்டு நல்ல மாதிரியே இழுத்தாலும் அந்த 3 மாசம் உங்களுக்காக நிக்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். எத்தினையோ பேர் கடைக்காரரின்ர முகத்துக்காகப் பொறுத்திருந்து இப்பிடித்தான் தவறவிடுகினம், எனக்கு அதில சரியான கவலை. கடையோட கதைக்கிறதக் கதையுங்கோ, ஆனா முறைப்பாட்டுக் கடிதத்த ஒரு பக்கத்தால எழுதி வையுங்கோ.

பில்லுக்குக் கீழ இருக்கிற வரிக்கு வருவம். அதை அச்சடிச்சுப்போட்டா சட்டம் குடுத்த உரிமை அழிஞ்சுபோகாது. 13ம் பிரிவில முறைப்பாடு குடுக்கிற உரிமையப் பில்லில ஒரு வரி போட்டுப் பறிக்கேலாது. இன்னும் சொன்னா, வாறண்டி இல்லை, உரிமை இல்லை எண்டு பிழையான எண்ணம் வாற மாதிரிச் சொல்லுறதே 31ம் பிரிவில தடுக்கப்பட்ட காரியம். இதோட 1997ம் ஆண்டு 26ம் இலக்கத்தில நியாயமில்லாத ஒப்பந்த நிபந்தனைகளுக்கெண்டு ஒரு தனிச் சட்டமும் இருக்கு, வீட்டுப் பாவனைக்கு வாங்கிற ஆளிட்ட இருந்து தரம் பற்றின பொறுப்பத் தட்டிக் கழிக்கிற வரி அதுக்கு முன்னால நிக்காது. உங்களுக்கு ஒரு சின்னச் சிக்கல், செட்ட கராஜின்ர பேரில வாங்கியிருந்தா அந்த 1997 சட்டம் உங்களை வீட்டுப் பாவனையாளர் மாதிரிப் பாக்காது, அந்த வரி நியாயமானதோ எண்டுதான் பாக்கும். ஆனா 2003 சட்டத்தில பாவனையாளர் எண்டா காசுக்கு விடுற சாமானைப் பாவிக்கிற ஆர் எண்டாலும்தான். ஆகவே நீங்கள் தாராளமாப் போகலாம்.

எங்க போறதெண்டா யாழ்ப்பாணம் கச்சேரி, அதுதான் மாவட்டச் செயலகம், அதிகார சபையின்ர மாவட்ட அலுவலகம் அங்க இருக்கு. முதல் விசாரிக்கிறதெண்டா 1977க்கு அடிக்கலாம், ஆனா போனில சொன்னதோட விடாதேங்கோ. தமிழிலயே எழுதலாம், அது உங்கட உரிமை. கடிதத்தில உங்கட பேர் விலாசம், கடையின்ர பேர் விலாசம், வாங்கின திகதி, குடுத்த காசு, என்ன வேலை செய்யேக்க எப்பிடி உடைஞ்சது, கடைக்காரர் என்ன பதில் சொன்னவர் எண்டதெல்லாம் வரவேணும். பில்லின்ர கொப்பியக் குடுங்கோ, அசலக் குடுத்துப்போடாதேங்கோ.

உடைஞ்ச துண்டு ரெண்டையும் பேப்பரில சுத்தி வையுங்கோ, ஒட்டிப் பாக்கிறது, வெல்ட் பண்ணுறது, அரத்தால ராவிறது ஒண்டும் வேண்டாம். வெடிச்ச முகத்தப் பாத்தா கனக்க விளங்கும். முழுக்கப் பளபளப்பாப் புதுசா இருந்தா ஒரே இழுவையில போயிருக்கு, அதில கடைக்காரர் நீங்கள் கூட விசை குடுத்தீங்கள் எண்டு வாதாடலாம். ஒரு மூலையில கறுத்து, இல்லாட்டிக் கறள் பிடிச்சு இருந்தா, அந்த வெடிப்பு நீங்கள் அண்டைக்கு நட்டில வைக்க முதலே உள்ளுக்க இருந்திருக்கு. அதைக் கிட்டப் பிடிச்சு நல்ல வெளிச்சத்தில போட்டோ எடுத்துக் கடிதத்தோட வையுங்கோ, அதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்கு இல்லை.

கேள்வி: கொடிகாமத்தில இருந்து எழுதுறன். இவருக்கு ஒரு மண்வெட்டி வாங்கிக் குடுத்தனான், முதல் நாளே தோட்டத்தில கொத்தேக்க காதடியில வெடிச்சுப்போச்சு. கடைக்காரர் பில் தரேல்லை, நானும் கேக்கேல்லை. இனி ஒண்டும் ஏலாதோ?

பதில்: ஏலும் அக்கா. பில் இல்லாததால உரிமை இல்லாமப் போகாது, நிரூபிக்கிறதுதான் கஷ்டமாகும். கூட வந்த ஆள் ஒருத்தர், பாங்கில இருந்து காசு போன மெசேஜ், மண்வெட்டியில கடை ஒட்டின விலைத் துண்டு, இதுகளும் சாட்சிதான். முதல் மண்வெட்டியக் கொண்டுபோய் மரியாதையாக் காட்டுங்கோ, எங்கட பக்கத்துச் சின்னக் கடைக்காரர் கனபேர் முதல் நாள் உடைஞ்சதெண்டா மாத்தித்தான் தருவினம். தராட்டி மேல சொன்ன வழி உங்களுக்கும் இருக்கு.

இனிமேல் கேட்டு வாங்குங்கோ. கேட்டா ரிசீற் குடுத்தே ஆகவேணும் எண்டு அதே 2003 சட்டத்தின்ர 28ம் பிரிவு சொல்லுது. 'நூறு ரூவாச் சாமானுக்கெல்லாம் பில்லோ' எண்டு கேட்டா வெக்கப்படாதேங்கோ. பிடி உடைஞ்சா வேற கதை, மரப்பிடிக்கு வாறண்டி தாற கொம்பனி குறைவு.

இன்னொண்டும் சொல்லவேணும். வாங்கேக்க என்ன வேலைக்கெண்டு வாய் விட்டுச் சொல்லுங்கோ. எங்கட செம்மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக் கல்லு, வலிகாமத்தில சில இடத்தில ஒரு முழம் போகவே கல்லில இடிக்கும், அதுக்கு மெல்லிசுத் தகட்டு மண்வெட்டி தாங்காது. 'கல்லு நிலம் கொத்த ஒண்டு தாங்கோ' எண்டு சொல்லி, அவர் எடுத்துத் தந்து, நீங்கள் அவற்ற சொல்லை நம்பி வாங்கினா, அந்த வேலைக்கு அது உதவவேணும் எண்டதும் 1896 சட்டத்தில நிபந்தனையாயிடும். ஒண்டும் சொல்லாமல் இன்ன மார்க் தாங்கோ எண்டு பேரைச் சொல்லி வாங்கினா அந்த நிபந்தனை வராது. அதோட, வாங்க முதல் நீங்களே எடுத்துப் பாத்திருந்தா, பாத்தாத் தெரியக்கூடிய பழுதுக்குப் பேந்து குறை சொல்லேலாது. பாக்கிறதெண்டா வடிவாப் பாருங்கோ.

கேள்வி: கனடாவில இருந்து சித்தப்பா வரேக்க ஒரு ஸ்பானர் செட் கொண்டுவந்து தந்தவர். ஆயுள் முழுக்க வாறண்டி எண்டு போட்டிருக்கு. ஒண்டின்ர வாய் விரிஞ்சுபோச்சு. இங்க மாத்தலாமோ? (நெல்லியடி)

பதில்: இங்க அந்த மார்க்குக்கு ஏஜென்ற் இருந்து, அவையள் வெளிநாட்டில வாங்கினதையும் ஏற்பினம் எண்டா மட்டும்தான். கனக்க கொம்பனி, வித்த நாட்டுக்குள்ள மட்டும் எண்டு சின்ன எழுத்தில போட்டிருக்கும், சிலது முதல் வாங்கின ஆளுக்கு மட்டும் எண்டும் போட்டிருக்கும், பரிசாக் கிடைச்ச நீங்கள் அதுக்குள்ள வரமாட்டியள். எங்கட அதிகார சபைக்கும் இங்க வித்தவர் எண்டு ஒருத்தர் இல்லாமப் பிடிக்க ஆள் இல்லை.

ஆயுள் வாறண்டி எண்டு அமெரிக்காவில, கனடாவில பேர் எடுத்தது கிராஃப்ட்ஸ்மன். 1927ல சியேர்ஸ் கடை தொடங்கின மார்க், 2017ல ஸ்ரான்லி பிளாக் அன்ட் டெக்கர் வாங்கிட்டுது. உடைஞ்ச கைச்சாமானைக் கொண்டுபோனா ஒரு கேள்வியும் இல்லாமல் மாத்திக் குடுத்ததாலதான் அந்தப் பேர். ஆனா இண்டைக்குப் பெட்டியில 'லைஃப்டைம்' எண்டு இருக்கிறதெல்லாம் அப்பிடி இல்லை, அனேகமா இரும்பிலயும் செய்த முறையிலயும் இருக்கிற பழுதுக்கு மட்டும்தான், தேஞ்சு போறதுக்கு இல்லை. அரம், வாள் அலகு, துளைக்கிற பிற் எல்லாம் தேயிற சாமான் எண்டு வெளியில விட்டிடுவினம். சித்தப்பா திரும்பிப் போகேக்க ரிசீற்றோட குடுத்துவிடுங்கோ, அதுதான் நேர்வழி.

லண்டனில இருந்து வாறதெண்டா வேற மாதிரி. அங்க 2015ம் ஆண்டுப் பாவனையாளர் உரிமைச் சட்டப்படி வித்த கடையே பொறுப்பு, முதல் 30 நாளுக்குள்ள பழுதெண்டா திருப்பிக் குடுத்துக் காசு வாங்கலாம், 6 மாசத்துக்குள்ள எண்டா பழுது முதலே இருந்ததெண்டுதான் எடுப்பினம், இல்லையெண்டு காட்டவேண்டியது கடை. ஆனா கேக்கவேண்டியது அங்க வாங்கின ஆள்.

கேள்வி: ஸ்பானருக்குப் பைப் போட்டு நெம்பினா வாறண்டி போகுமோ?

பதில்: போகும். குறோம் பூச்சுப் போட்ட சாதாரண சொக்கெட்ட காத்து கன்னில, அதுதான் காத்தழுத்தத்தில நட் கழட்டிற மெசினில, போட்டாலும் போகும், அதுக்கெண்டு குறோம் மொலிப்டினம் கலந்த இரும்பில கறுப்புச் சொக்கெட் தனியா இருக்கு. வாறண்டிய விடுங்கோ, வெடிச்சுப் பறந்தா முகம்.

கேள்வி: எங்கட பட்டறையில தம்பியொருத்தனுக்குச் சுத்தியலின்ர முகம் சிதறிக் கண்ணில பட்டு ஆஸ்பத்திரியில இருந்தவன். சுத்தியல் வாங்கிக் கொஞ்ச நாள்தான். கடையிட்டக் கேக்கலாமோ?

பதில்: முதல்ல பெடியனின்ர கண் சுகமாக வேணும், கிளினிக்குக்குச் சொன்ன திகதியெல்லாம் தவறாமல் போகச் சொல்லுங்கோ. ஆஸ்பத்திரியில குடுத்த டயக்னோசிஸ் காட், மருந்து வாங்கின பில், வேலைக்குப் போகேலாமல் இருந்த நாள் எல்லாத்தையும் ஒரு கோவையில போட்டு வையுங்கோ.

இதைச் சுத்தியலின்ர விலையோட முடிக்கவேண்டாம். சாமான் பழுதெண்டதுக்கு 13ம் பிரிவில முறைப்பாடு குடுங்கோ, அதே 3 மாசக் கணக்குத்தான். காயத்துக்கான நட்டஈடு பெரிய தொகையெண்டா அது நீதிமன்றத்தில கேக்கிற விஷயம். அங்க செய்தவரோ வித்தவரோ கவனயீனமா இருந்தவை எண்டு காட்ட வேண்டிவரும், அதுக்குச் சட்டத்தரணி வேணும். காசு இல்லையெண்டா சட்ட உதவி ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கோ, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்காகத்தான் அது இருக்கு.

கட்டாயம் கேப்பினம், என்னத்துக்கு அடிச்சவன் எண்டு. ஆணிக்கோ உளிக்கோ எண்டா உங்கட பக்கம் பலம். இன்னொரு சுத்தியலின்ர தலைக்கு அடிச்சதெண்டா, ரெண்டு கடினமாக்கின முகம் மோதினா சிதறுறது தெரிஞ்ச விஷயம், கனக்க சுத்தியலில செய்யவேண்டாமெண்டு எழுதியும் இருக்கும், அப்ப வழக்கு மெலிஞ்சுபோகும். உள்ளதை உள்ளபடி சட்டத்தரணிக்குச் சொல்லுங்கோ. சிதறின சுத்தியல இண்டைக்கே பட்டறையில இருந்து எடுத்து வீட்டில பூட்டி வையுங்கோ, ஆரும் எடுத்துத் தீட்டிப்போட்டா சாட்சி போச்சு.