'கெட்' எல்லாமே 'அப்டெயின்' ஆகாது

அலுவலக ஆங்கில மெயிலில் 'கெட்' (get) அதிகமாக வருகிறது என்று எல்லாவற்றையும் 'அப்டெயின்' (obtain) ஆக்கியதாகவும், மேலாளர் சிரித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். சிரிக்கத்தான் செய்வார். 'அப்டெயின்' என்றால் முயன்று, முறைப்படி கேட்டுப் பெறுவது. விசா, அனுமதி, கடன் இவற்றுக்குச் சரி. தானாக வந்து சேர்ந்த மெயிலுக்கு 'ரிசீவ்' போதும்.

உங்கள் 'ஐ அப்டெயின்டு டயர்ட்' வாக்கியத்தில்தான் பெரிய சிக்கல். அங்கே 'கெட்' எதையும் வாங்கவில்லை, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுகிறது. 'பிகேம் டயர்ட்' எழுதலாம், கொஞ்சம் விறைப்பாக இருக்கும். 'காட் ஹோம்' (got home) என்பது போய்ச் சேர்வது, அதற்கு 'ரீச்ட் ஹோம்'. ரீச்சுக்குப் பிறகு 'டு' வேண்டாம், நம்மில் பாதிப் பேர் போடுகிறோம்! 'ஐ காட் இட்' என்றால் புரிந்தது, அதாவது 'அண்டர்ஸ்டுட்'. 'காட் த லேப்டாப் ரிப்பேர்ட்' என்பது வேறு ஆளைக் கொண்டு செய்வித்தது. அங்கே 'காட்'டுக்குப் பதில் 'ஹேட்' (had) போடுங்கள்.

'கெட் அலாங்' (ஒத்துப்போவது) மாதிரி, சேர்ந்து தனிப் பொருள் தரும் சோடிகளில் கை வைக்காதீர்கள். அப்புறம், ஒரே பொருள் தரும் சொற்களின் பட்டியலோடு நிற்காமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.