ஏர் பெட் மோட்டார் நின்றால் யார் வருவார்?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. சென்ற கோடையில் தண்ணீர் வற்றிய கிணற்றில் தலைகீழாகக் குதித்துக் கழுத்தெலும்பு முறிந்தது. கை, கால் நான்கும் செயலிழந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்த வாரமே மதுரையில் ஒரு கடையில் 5,200 ரூபாய்க்கு ஏர் பெட் (படுக்கைப் புண் வராமலிருக்க, மோட்டாரால் காற்று நிரப்பும் மெத்தை) வாங்கினோம். நான்காவது மாதம் ஓர் இரவு மோட்டார் நின்றுவிட்டது. விடிந்த பிறகுதான் பார்த்தோம். இப்போது முதுகின் அடியில் புண். "மோட்டாருக்கு வாரண்டி கிடையாது, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பில்லிலேயே போட்டிருக்கிறோம்" என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?
– வாடிப்பட்டி வாசகி

பதில்: வழக்கு இருக்கட்டும், முதலில் புண்ணைப் பாருங்கள். சிவந்த தோல் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றாலே படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். தோல் உரிந்திருந்தால் மஞ்சள், பவுடர் என்று நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தம்பியை அழைத்துப்போவது சிரமம் என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' செவிலியரைக் கேளுங்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு அதில் உண்டு. மோட்டார் நின்ற தேதியை மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள். புண்ணைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

இனி கடைக்காரர். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரி பாத்திரக்கடை முதல் செருப்புக்கடை வரை எல்லா பில்லிலும் இருக்கிறது. அச்சடித்துவிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் 30 நாள் கணக்கு. பில்லே தராமல் விற்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. உங்கள் மோட்டார் நின்றது நான்காவது மாதம், 30 நாளைத் தாண்டிவிட்டது. அதனால் வாரண்டியையும் பார்க்க வேண்டும். பெட்டியை எறிந்துவிடவில்லையே? அதற்குள் கம்பெனியின் வாரண்டி அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். மோட்டாருக்கும் மெத்தைக்கும் தனித்தனியே காலம் போட்டிருக்கக்கூடும்.

கடைக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதி, 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். கடிதத்துக்கு அசையாத சில கம்பெனிகள் அதற்கு அசைகின்றன. இரண்டுக்கும் பலனில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருள் வாங்க நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பில் உங்கள் பெயரில் இருந்தாலும் அந்த மெத்தையைப் பயன்படுத்தும் தம்பியும் சட்டப்படி நுகர்வோர்தான். அவரை விசாரிக்க வேண்டியிருந்தால் காணொலி வழியாக விசாரிக்கக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆம்புலன்ஸ் பிடித்து மதுரைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

மெத்தையின் விலையோடு புண்ணுக்கான சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் கேளுங்கள். ஆனால் எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: "நீங்கள் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கவில்லை, அதனால்தான் புண்." அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. "ஏர் பெட் போட்டால் திருப்ப வேண்டியதில்லை" என்று கடையில் சொல்லி விற்கிறார்கள், அது பொய். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணிக்கொருமுறை இடம், வலம், மல்லாக்க என்று மாற்றித்தான் ஆக வேண்டும். மருத்துவர் வேறு இடைவெளி சொன்னால் மட்டுமே அதை மாற்றலாம். கட்டில் காலில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, திருப்பிய நேரத்தையும் பக்கத்தையும் எழுதுங்கள். புண்ணையும் தடுக்கும், ஆணையத்தில் சாட்சியாகவும் நிற்கும்.

அடுத்த மெத்தையை வாங்கும்போது ஒரு சோதனை. காற்று நிரம்பியதும் தம்பியை மல்லாக்கப் படுக்கவைத்து, உள்ளங்கை மேலே பார்க்க உங்கள் கையை ஏர் பெட்டுக்கும் அடியிலுள்ள மெத்தைக்கும் நடுவே, இடுப்பெலும்புக்கு நேர் கீழே நுழையுங்கள். கைக்கும் எலும்புக்கும் இடையே ஓரங்குலக் காற்றாவது இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால், மோட்டார் எவ்வளவு அழகாக உறுமினாலும் அவர் படுத்திருப்பது வெறும் கட்டிலில்தான். கொப்புளம் கொப்புளமாக இருக்கும் மலிவான வகை இந்தச் சோதனையில் தோற்பதைப் பார்க்கலாம். குழாய்களை அடுக்கியது போன்ற வகை விலை கூடினாலும் தாங்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் ஊர் உங்களுடையது. இந்த மோட்டார் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, சின்ன இன்வெர்ட்டரே போதும். விலை பேசி முடித்ததும் கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இரவு மோட்டார் நின்றால் மறுநாள் காலை மாற்று மோட்டார் யார் தருவார்?" பதிலைப் பில்லின் பின்புறம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தராத கடையில் 500 ரூபாய் குறைவு என்பதற்காக வாங்காதீர்கள்.

கேள்வி: படியில் விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட என் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஏஜென்சி மூலம் 24 மணி நேர ஹோம் நர்ஸ் அமர்த்தினோம். பதிவுக் கட்டணம் 8,000. ஒரு மாதத் தொகை 24,000 முன்பணம். வந்த பெண் இரண்டாவது வாரத்திலேயே சொல்லாமல் போய்விட்டார். மாற்று ஆளும் இல்லை, பணமும் இல்லை. "நாங்கள் ஆளை அறிமுகப்படுத்துவதோடு சரி" என்கிறார்கள்.
– மதுரை அண்ணா நகர் வாசகர்

பதில்: அறிமுகத்துக்கு 8,000 வாங்கினார்கள், சரி. மாதத் தொகையை யார் வாங்கினார்? ஏஜென்சி வாங்கியிருந்தால் அது ஏஜென்சி விற்ற சேவை. வேலை நடக்காத நாட்களுக்கான பணத்தைத் திருப்பித் தராதது சேவைக் குறைபாடு. மேலே சொன்ன அதே வழியில் போங்கள். ஒருவரை நீங்களே நேரடியாகச் சம்பளத்துக்கு வைத்திருந்தால் நுகர்வோர் ஆணையம் கைகொடுக்காது. தனிப்பட்ட ஊழிய ஒப்பந்தத்தைச் சட்டம் 'சேவை'யில் சேர்க்கவில்லை. பணம் ஜிபேயில் யாருடைய பெயருக்குப் போனது என்பது இங்கே முக்கியம். இனி ஏஜென்சியின் பெயருக்கே அனுப்புங்கள், ரசீது கேளுங்கள். ஆள் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று ஆள், வராத நாளுக்கு எவ்வளவு கழிவு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, கசப்பானது. 24 மணி நேர ஆள் என்று ஒருவர் உலகத்தில் கிடையாது. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழுந்து அம்மாவைத் திருப்புகிறவர் எப்போது தூங்குவார்? பகலில் சமையலுக்கும் கூப்பிட்டால் இரண்டாவது வாரத்தில் போகாமல் என்ன செய்வார்? ஏஜென்சி ஏமாற்றியது உண்மை. ஆனால் அந்தப் பெண் உங்களை ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு மணி நேர ஆளை அமர்த்தி இரவை வீட்டார் முறை வைத்துப் பார்ப்பது, முடிந்தால் இரவுக்குத் தனி ஆள், வாரம் ஒரு நாள் விடுப்பு – இதற்குக் குறைந்த ஏற்பாடு நீடிக்காது.

'நர்ஸ்' என்று சொல்லி நர்ஸுக்கான தொகை கேட்டால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாதவர் உதவியாளர், அதற்கான சம்பளம்தான். அவரும் அனுபவசாலியாக இருக்கலாம், ஆகவே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அம்மாவுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் சிவந்து வியர்க்கிறது. என்ன செய்வீர்கள்?" மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பேன் என்பவர் உங்களுக்கு வேண்டாம். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இது இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுவதன் அறிகுறி. பெரும்பாலும் காரணம், யூரின் டியூப் மடங்கியோ அடைத்தோ சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பது, அல்லது மலச்சிக்கல். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, டியூபை நுனி முதல் பை வரை பார்க்க வேண்டும். அடங்கவில்லை என்றால் 108. இதை அறிந்தவருக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

கத்திரி வெயிலுக்கும் ஒரு எச்சரிக்கை. அடிபட்ட இடத்துக்குக் கீழே உடம்பு சரியாக வியர்க்காது, அதனால் அறைச் சூடு அப்படியே உடலில் ஏறும். காய்ச்சல் என்று நினைத்துப் போர்த்திவிடும் உதவியாளர்கள் உண்டு. விசிறியும் ஈரத்துணியும் முதலில். பிறகும் சூடு இறங்காவிட்டால் மருத்துவர்.

கேள்வி: தண்டுவடம் அடிபட்ட அப்பாவுக்கு வலது கை மட்டும் ஓரளவு அசைகிறது. 1,20,000 ரூபாய்க்குப் பேட்டரி வீல் சேர் வாங்கலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: இன்னும் வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விண்ணப்பியுங்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பேட்டரி வீல் சேரும், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் அரசுத் திட்டங்களில் இருக்கின்றன. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

காத்திருக்க முடியாது, வாங்கியே தீர வேண்டும் என்றால், அப்பாவை உட்காரவைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வண்டியை ஓட்டும் ஸ்டிக் வலது பக்கம் இருக்கிறதா, அந்தக் கை அதை எவ்வளவு நேரம் பிடிக்கும், இருக்கையோடு பின்னால் சாயுமா என்று பாருங்கள். சாயாத வண்டியில் அவரை அடிக்கடி யாராவது முன்னால் சாய்த்துப் பிட்டத்தின் பாரத்தை இறக்க வேண்டியிருக்கும். பழைய வீடு என்றால் கதவு நிலையின் உள்ளகலத்தை டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பேட்டரிக்குத் தனி வாரண்டி எத்தனை மாதம், புதியது என்ன விலை என்பதையும் கேளுங்கள். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கை, கால் இயங்காத நிலையில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமைப்பு, தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிறது. கடைக்காரரைவிட அங்கே வீல் சேரில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது மேல்.

கேள்வி: யூரின் டியூப், பை எல்லாம் எம்.ஆர்.பி. விலைக்கே வாங்குகிறோம். கடைக்குக் கடை விலை வேறுபடுகிறதே?
– உசிலம்பட்டி வாசகி

பதில்: எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற வரம்புதான். அதே விலைக்கு வாங்க வேண்டும் என்பதில்லை. இந்தச் சாமான்களில் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் பெரிய இடைவெளி உண்டு. மாதம் தவறாமல் வாங்குபவர் நீங்கள். மொத்த விற்பனைக் கடைகள் இரண்டு மூன்றில் கேட்டு, மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் கணிசமாகக் குறையும். காலாவதித் தேதியையும் உறை கிழியாமல் இருப்பதையும் பார்த்து வாங்குங்கள். சிலிகான் டியூப் விலை கூடுதல், ரப்பர் டியூபைவிட அதிக நாள் வரும். எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதை மட்டும் கடையில் கேட்காமல், டியூப் போடும் நர்ஸிடம் கேளுங்கள்.