வெள்ளியா கறுப்பா? ரோடு பைக் பாகங்களின் தோற்றம் பற்றி ஒரு கேள்வி பதில்

ரோடு பைக், அதாவது வளைந்த ஹேண்டில்பார் கொண்ட பந்தய சைக்கிள், அதன் பாகங்களின் தோற்றத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று முன்பே சொல்லிவிட்டேன். எடை, வேகம், எந்தக் கடையில் மலிவு என்பதெல்லாம் இன்னொரு நாள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (நிழல்மரம்): அண்ணா, 1970களின் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) எல்லாம் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கின்றன. இப்போது வருபவை தடித்தடியாக, கறுப்பாக இருக்கின்றன. உண்மையிலேயே அப்படித்தானா, இல்லை பழசு என்பதால் வரும் பாசமா?

பதில்: பாசமும் உண்டு. ஆனால் அளவுகோலை எடுத்து வைத்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். அந்தக் காலத்து ஸ்டீல் ஃபிரேமில் மேல் குழாய் 25.4 மி.மீ., கீழ்க் குழாயும் சீட் குழாயும் 28.6 மி.மீ. அந்த ஒல்லிக் குழாய்களுக்குப் பக்கத்தில் நிற்கத்தான் இத்தாலிய நிறுவனம் காம்பன்யோலோவின் நுவோவோ ரெகார்ட் கிராங்க் செய்யப்பட்டது. திடமான அலுமினியத்தை அடித்து உருவாக்கிய மெல்லிய கை, பல்சக்கரத்தைத் தாங்கும் ஐந்து சம இடைவெளிக் கிளைகள், அவற்றின் நுனி போல்ட்டுகள் அமையும் வட்டம் 144 மி.மீ. வட்டம் பெரியது என்பதால் உள்ளே நிறைய வெற்றிடம் தெரியும். கண் தேடுவது அந்த வெற்றிடத்தைத்தான். (அதே வட்டத்தால் சின்னப் பல்சக்கரம் 41 பல்லுக்குக் கீழே இறங்காது. மலை ஏறியவர்கள் அழகைப் பாராட்டிய நேரம் குறைவு.)

இன்றைய கிராங்க் உள்ளே வெற்று. உள்ளே வெற்றாக இருந்தும் வளையாமல் நிற்க வேண்டுமென்றால் வெளிச் சுற்றளவு கூடத்தான் வேண்டும். 2012இல் ஜப்பானிய நிறுவனம் ஷிமானோவின் உச்ச வரிசையான டூரா-ஏஸ் 9000 வந்தபோது கிளைகள் நான்காயின, அதுவும் சமமில்லாத இடைவெளியில். மிதிக்கும்போது விசை எங்கே விழுகிறதோ அங்கே உலோகம், மற்ற இடத்தில் இல்லை. கார்பன் ஃபிரேமின் பருத்த கீழ்க் குழாய்க்குப் பக்கத்தில் அது பொருத்தமாகவே இருக்கிறது. 28.6 மி.மீ. குழாய்க்குப் பக்கத்தில் வைத்தால்தான் கெட்டுப்போகிறது. வெள்ளி, கறுப்பு எல்லாம் அதற்கப்புறம் வரும் சங்கதி.

இன்னொன்று. பழைய நுவோவோ ரெகார்ட் டெரெய்லரைக் கையில் எடுத்துப் பாருங்கள். இணைகரம், அதன் நான்கு மூலைகள், இரண்டு எல்லைத் திருகுகள், ஸ்பிரிங் எங்கே இருக்கிறது, எல்லாம் வெளியே தெரியும். மேல் பகுதியில் பேட்டன்ட் என்ற எழுத்தோடு இரண்டு இலக்கத்தில் ஆண்டும் பொறித்திருக்கும். எப்படி வேலை செய்கிறது என்பதை மறைக்காத பொருள். என் கண்ணுக்கு அழகு என்பது அதுதான்.

கேள்வி (கியர்பிரியன்): 1980களின் ஸ்டீல் ஃபிரேம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் புதிய குரூப்செட் (கிராங்க், கியர், பிரேக் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) போடலாமா?

பதில்: போடலாம். பின்பக்கம் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) உட்காரும் இடைவெளியை அளந்து பாருங்கள். 126 மி.மீ. இருந்தால் ஆறு, ஏழு கியர் காலத்தது. ரிம் பிரேக் வகையில் இன்றைய 11, 12 கியர் வீலுக்கு 130 வேண்டும். ஸ்டீல் என்றால் விவரம் தெரிந்த மெக்கானிக் பக்கத்துக்கு 2 மி.மீ. விரித்து, நேராக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பார். அலுமினியத்தையும் கார்பனையும் விரிக்கவே கூடாது. பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுழலும் இடம்) மரையையும் பாருங்கள்: ஆங்கில மரையில் வலப்பக்கக் கப் இடது சுற்று, இத்தாலிய மரையில் இரண்டு பக்கமும் வலது சுற்று. தெரியாமல் முறுக்கினால் ஃபிரேம் போச்சு.

தோற்றத்துக்கு வருவோம். கிராங்கை மட்டும் பழைய மாதிரி ஒல்லியானதாகப் போட்டு மற்றதைப் புதிதாக வைத்தாலே முக்கால்வாசி சரியாகிவிடும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கண் முதலில் விழுவது கிராங்கில்தான்.

கேள்வி (வெயில்காலம்): வெள்ளி நிறப் பாகங்கள் இப்போது புதிதாகக் கிடைக்குமா சார்?

பதில்: ஜப்பானைப் பாருங்கள். நிட்டோ ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கழுத்து), சுகினோ கிராங்க், டயா-காம்பே பிரேக், எம்.கே.எஸ். பெடல். ஷிமானோ 105 கூட ஆர்7000 வரிசை வரை வெள்ளியில் வந்தது. கறுப்பு என்பது நேற்று வந்ததும் இல்லை, முதல் டூரா-ஏஸிலேயே கறுப்பு வகை இருந்தது.

கேள்வி (ஆறாம்விரல்): பழைய கிராங்க் மங்கிப்போய்க் கிடக்கிறது. கண்ணாடி மாதிரி ஆக்குவது எப்படி?

பதில்: மங்கியிருப்பது பெரும்பாலும் மேலே உள்ள அனோடைஸ் படலம் (அலுமினியத்தின் மேல் மின்சாரம் வைத்து ஏற்றிய பாதுகாப்புப் படலம்). அது போகாமல் எவ்வளவு பிராசோ தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம். காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர் அதைக் கரைக்கும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். சில நிமிடம்தான். மறந்து விட்டுவிட்டால் அலுமினியத்தையே தின்னும். நன்றாகக் கழுவிவிட்டு வாட்டர் பேப்பரில் 400, 800, 1200 என்று ஏறி, கடைசியில் மெட்டல் பாலிஷ். படலம் போன பாகம் வியர்வையிலும் கடற்கரைக் காற்றிலும் சீக்கிரம் மங்கும், அவ்வப்போது தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் படலம் நன்றாக இருக்கும் கிராங்கைத் தொடவே வேண்டாம். அந்த லேசான பால் வெளிச்சம் பாலிஷில் வராது.

தேய்க்கும் முன் ஒரு வேலை. பல்சக்கரங்களைக் கழற்றுங்கள், மண்ணெண்ணெயில் கழுவுங்கள், கிராங்க் கையும் பக்கத்துக் கிளையும் சேரும் முக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். நுவோவோ ரெகார்ட், அதன் உயர் வகை சூப்பர் ரெகார்ட் கிராங்குகள் வெடிப்பு விடுவது அந்த முக்கில்தான். தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் அது சுவரில் மாட்டி வைக்கும் பொருள், மிதிக்கும் பொருள் இல்லை. கோட்டைத் தேய்த்து மறைத்துப் பளபளப்பாக விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி (கியர்பிரியன் 2): அண்ணா, என்னிடம் 1985 வாக்கில் வந்த ஸ்டீல் ஃபிரேம் இருக்கிறது. புதிய குரூப்செட் போடலாமா?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி (மூன்றாம்பிறை): காம்பன்யோலோ டெல்டா பிரேக்தான் இதுவரை செய்ததிலேயே அழகான சைக்கிள் பாகம். ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: மேசை மேல் வைத்தால் ஒப்புக்கொள்கிறேன். சைக்கிளில் மாட்டினால் இல்லை. 1980களின் நடுவில் வந்தது. முதலில் விட்ட வகையைத் திரும்பப் பெற்று, மாற்றி விட்டார்கள். முன்னால் வழவழப்பான முக்கோண மூடி, பின்னால் ஓர் இணைகரம். கேபிள் இழுக்க இணைகரம் சுருங்கி, கைகளை விரித்து, பிரேக் பேடை ரிம்மில் அழுத்தும். வேலை செய்யும் அத்தனையும் மூடிக்குள். நான் முதலில் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். மறைப்பதுதான் நவீனம் என்ற இந்தக் கணக்கில் டெல்டாதான் முதல் நவீன பாகம்.

மூன்றாம்பிறை: 1980களில் வந்ததை நவீனம் என்கிறீர்களே! உங்கள் கணக்கில் பாதி வின்டேஜ் (பழைய சைக்கிள் பிரியர்) கூட்டமே வெளியே போய்விடும்.

பதில்: போகட்டும். ஆண்டை வைத்துப் பிரிப்பது பழைய சைக்கிள் விழா நடத்துபவர்களுக்கு வசதி. டிசைனில் ஒரு வெட்டு விழுந்தது அந்தக் காலத்தில்தான். காற்றைக் கிழிக்கும் வடிவம் என்று எல்லோரும் ஓடினார்கள். ஷிமானோவின் டூரா-ஏஸ் ஏஎக்ஸ் வந்த வேகத்தில் போனது. டெல்டா பணக்காரர் வீட்டுப் பிள்ளை, அதனால் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது.

வழிப்போக்கன்: நான் டெல்டா போட்டு ஓட்டுகிறேன். நன்றாகவே பிடிக்கிறது. பிடிக்கவில்லை என்பவர்கள் சரியாகச் செட் செய்யத் தெரியாதவர்கள்.

பதில்: செட் செய்வதே வேலையாகிவிடுகிறதே, அதுதான் புகார். பேட் தேயத் தேய இணைகரத்தின் கோணம் மாறும், கோணம் மாறினால் பிரேக்கின் பலமும் மாறும். கேபிளை இறுக்க 3.5 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) வேண்டும். உங்கள் பெட்டியில் 3 இருக்கும், 4 இருக்கும்.

வழிப்போக்கன்: 3.5ம் இருக்கிறது.

பதில்: அப்படியானால் நீங்கள் நிஜமான டெல்டாக்காரர். வாதம் இல்லை.

சக்கரவாகம்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வேலை செய்வது தெரிந்தால்தான் அழகு என்றால், இன்றைய டிஸ்க் பிரேக் அழகுதானே? ரோட்டரும் கேலிப்பரும் கண்ணெதிரே இருக்கின்றன.

பதில்: நல்ல அடி. ரோட்டர் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு உறுத்துவது மேலே இருப்பது. ஹைட்ராலிக் லிவருக்குள் மாஸ்டர் சிலிண்டர் உட்கார வேண்டும், அதனால் கை பிடிக்கும் ரப்பர் பகுதி கொம்பு மாதிரி எழும்பி நிற்கிறது. மெக்கானிக்கல் லிவர் எத்தனை தாழ்வாக இருந்தது! அந்தக் கோணத்தில் டெல்டாவுக்கு ஒரு புள்ளி தருகிறேன், அது ஹேண்டில்பாரைக் கெடுக்கவில்லை.

மூன்றாம்பிறை: ஒரு புள்ளியாவது கிடைத்ததே.

பதில்: சரி, டெல்டா போதும். அடுத்த கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (மணல்மேடு): கேபிள் வெளியே தெரிவது அழகா, மறைப்பது அழகா?

பதில்: 1990இல் ஷிமானோ எஸ்.டி.ஐ. வந்தபோது பிரேக் லிவரிலேயே கியர் மாற்ற முடிந்தது, ஆனால் கியர் கேபிள்கள் இரண்டு பக்கமும் துணிக்கொடி மாதிரி வளைந்து தொங்கின. 1992இல் காம்பன்யோலோ எர்கோபவர் அதே வேலையைச் செய்து, கேபிளை ஹேண்டில்பாரில் சுற்றும் டேப்புக்கு அடியில் கொண்டுபோனது. டூரா-ஏஸ் அந்த வழிக்கு வர 7900 வரிசை வரை ஆனது. எனக்கு அந்த அளவே போதும், டேப்புக்கு அடியில் போய், ஹேண்டில்பார் நடுவில் வெளியே வந்து, ஃபிரேமில் இறங்க வேண்டும். இப்போது ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்) வழியாக எல்லாவற்றையும் உள்ளே விடுகிறார்கள். புகைப்படத்துக்குப் பிரமாதம். மேல் பேரிங்கை மாற்ற பிரேக் குழாயைக் கழற்ற வேண்டிய நாளில் கூலி கொடுப்பவருக்குத் தெரியும்.

கேள்வி (இரட்டைக்கிளவி): பழைய குவில் ஸ்டெம்மை (முன் குழாய்க்குள் செருகும் தண்டு வகை) எடுத்துவிட்டு அடாப்டர் போட்டு புதிய ஸ்டெம் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், பார்க்கச் சகிக்காது. குவில் ஸ்டெம்மின் அழகே, மேல் குழாய்க்கு இணையாக ஒரு மெல்லிய கோடு முன்னால் நீள்வதுதான். அடாப்டர் அந்தக் கோட்டின் நடுவில் ஒரு முடிச்சைப் போட்டுவிடும். உயரம் வேண்டுமானால் நிட்டோ டெக்னோமிக் வாங்குங்கள், தண்டு நீளம். வாங்கும் முன் ஹேண்டில்பாரின் நடு விட்டத்தை அளங்கள். பழைய சினெல்லி (இத்தாலிய நிறுவனம்) 26.4 மி.மீ., மற்ற பல 26.0 அல்லது 25.8, இன்றையது 31.8. 0.4 மி.மீ. தானே என்று இறுக்கி ஒப்பேற்றாதீர்கள். பழைய அலுமினிய ஹேண்டில்பார் ஸ்டெம் பிடிக்கும் ஓரத்தில்தான் வெடிக்கும். கழற்றி, துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கிராங்குக்குச் சொன்ன அதே கதை.

கேள்வி (பனங்காடு): புதிய பாகம் என்றால் விரிசல் பயமே இல்லைதானே?

பதில்: 2023 செப்டம்பரில் ஷிமானோ என்ன அறிவித்தது என்று பாருங்கள். 2012 முதல் 2019 வரை செய்த 11 கியர் அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளில் இரண்டு பாதிகளை ஒட்டிய இடம் பிரியலாம் என்று பரிசோதனைக்கு அழைத்தார்கள். அந்த வகை உங்களிடம் இருந்து, இன்னும் கொண்டுபோகவில்லையென்றால் கொண்டுபோங்கள். கறுப்புப் பூச்சுக்குள் கோடு தெரிவது இன்னும் கஷ்டம்.

கேள்வி (தூண்டில்): எரோய்க்காவில் எந்த சைக்கிளும் ஓட்டலாமா?

பதில்: இல்லை. 1997இல் இத்தாலியின் தஸ்கனியில் கயோலே ஊரில் தொடங்கிய பழைய சைக்கிள் ஓட்டம் அது. 1987 வரை செய்த ரோடு பைக், கியர் லிவர் கீழ்க் குழாயில், பெடலில் கிளிப்பும் வாரும், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே. நம் டெல்டாக்காரர் ஆண்டுக் கணக்கில் தப்பிவிடுவார்.

கேள்வி (கல்மண்டபம்): தாத்தாவின் ராட் பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி) சைக்கிளை டிராப் ஹேண்டில்பார் (கீழே வளைந்தது) போட்டு ரோடு பைக் ஆக்க ஆசை.

பதில்: அதன் ரிம் 635 மி.மீ., ரோடு பைக்கினுடையது 622. பிரேக், வீல், ஹேண்டில்பார் எல்லாம் மாறினால் தாத்தாவினுடையது என்று மிஞ்சுவது என்ன? எண்ணெய் விட்டு அப்படியே ஓட்டுங்கள்.

கேள்வி (புதுவெள்ளம்): பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் சைக்கிளில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, நானும் என் கிராங்கில் போடட்டுமா?

பதில்: 1972இல் மெக்சிகோ நகரில் அவர் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிய சைக்கிளை இத்தாலியத் தயாரிப்பாளர் கொல்நாகோ செய்தார். ஓட்டை போட்டு எடையைக் கிராம் கிராமாகக் குறைத்த, ஒரு மணி நேரத்துக்கான சைக்கிள் அது. ஆசை அடங்காவிட்டால் பிரேக் லிவரில் போடுங்கள். கிராங்கைத் தொடாதீர்கள்.

கேள்வி (ஊர்க்குருவி): பழைய ஃபிரேமில் புதிய குரூப்செட்...

பதில்: மேலே. அதற்கும் மேலே.

கேள்வி (அடைமழை): என்னிடம் சூப்பர் ரெகார்ட் கிராங்க் ஒன்று இருக்கிறது, படம் பிறகு அனுப்புகிறேன். என்ன விலை போகும்?

பதில்: விலை சொல்வதில்லை. பல்சக்கரத்தைக் கழற்றி, அந்த முக்கின் படத்தை முதலில் அனுப்புங்கள்.