குள்ளமாக இருந்தால் வியாபாரத்தில் ஜெயிக்க முடியாதா?

ஐந்தடி இரண்டு அங்குலம்தான் இருக்கிறேன், காய்கறி வியாபாரத்தில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இறங்குங்கள் தம்பி.

சம்பள வேலையில் உயரத்துக்குக் கொஞ்சம் மதிப்பு இருப்பது உண்மை. அமெரிக்காவில் டிமோதி ஜட்ஜ், டேனியல் கேபிள் இருவரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, ஓர் அங்குலத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 789 டாலர் கூடுதல் வருமானம் என்று கணக்குப் போட்டது. ஆனால் அதே ஆண்டில் நிக்கோலா பெர்சிகோ குழுவினர் இன்னொன்றைக் கண்டார்கள்: வருமானத்தோடு ஒட்டி வருவது இப்போதைய உயரமல்ல, பதினாறு வயதில் இருந்த உயரம். அந்த வயதில் விளையாட்டிலும் நண்பர் கூட்டத்திலும் ஒதுங்காமல் கலந்தவர்களுக்கு வரும் பழக்கம் இதற்கு ஒரு காரணம் என்பது அவர்கள் முடிவு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அந்தப் பழக்கத்தை இப்போதும் வளர்க்கலாமே!

நீலகிரியில் கேத்தி பாலாடாவில் கேரட் வாங்க வரும் ஒருவரைப் பல வருடமாகப் பார்க்கிறேன். என் தோளுக்குத்தான் வருவார். கழுவி வந்த குவியலில் கைவிட்டு அடியிலிருந்து ஒன்றை எடுப்பார், ஒடிப்பார், நடுத்தண்டின் நிறத்தைப் பார்த்து விலை சொல்வார். சொன்ன பணம் சொன்ன நாளில் வந்துவிடும். விவசாயிகள் அவருக்காகச் சரக்கை எடுத்து வைக்கிறார்கள்.

சரி, கையில் முதல் எவ்வளவு, எந்தக் காய் என்று எழுதுங்கள். மேற்கொண்டு பேசுவோம்.